ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுத்தல்

"பலமரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான்" என்பது நம் நாட்டுப் பழமொழி. கல்லூரியிற் பயின்ற நாளில் எமது ஆசிரியப் பெருமக்கள் இதனை எமக்குப் பலகால் எடுத்தோதினர். கணித வகுப்பிலே அப்பியாசக் கொப்பியின் பின்புறத்திற் கதை எழுதி அகப்பட்டபோது ஒருமுறை ஓதினர். பௌதிக ஆய்வுகூடத்து வில்லைகள் இரண்டை யன்னலோரம் கொண்டுசென்று, பனையின் வட்டைத் தலைகீழாகப் பார்த்து நின்றபோது இன்னொருமுறை ஓதினர். அவ்வறிவுரையில் அன்பும் இருந்தது, உண்மையும் இருந்தது. எனினும் கல்லூரியை விட்டு நீங்கி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் நாம் மூன்று மரங்களை விடாது வெட்டி வருகிறோம். கணினி வலையமைப்பு எமது சீவனோபாயம். தொலைகாட்டி அமைத்தல் எமது கைத்தொழில். சிறுகதை எழுதுதல் எமது மனத்தொழில்.

மலர்க்குழுவினர் எம்மிடம் கட்டுரை வேண்டியபோது, "இம்மூன்றையும் ஒருவர் எங்ஙனம் ஒருங்கே நடத்தலாம் என்பதை மாணவர்க்கு உதவும்வண்ணம் எழுதுக" எனப் பணித்தனர். பணிக்கப்பட்டது பாடம், ஆகவே பாடமாகவே எழுதுகிறோம். அதன் சாரத்தை முதலிலேயே கூறிவிடுதல் நன்று. ஒரு நாளை மூன்று கூறாக்கி, மணிக்கூட்டைப் பார்த்துப் பங்கிடும் முறையை நாம் ஈராண்டு கைக்கொண்டு தோல்வியுற்றோம். பின்னர் எமக்குக் கைகொடுத்தது இன்னொரு பழமொழி. "ஆக்கப் பொறுத்தவர் ஆறவும் பொறுக்க வேண்டும்" என்று எம் பாட்டியார் அடுப்படியிற் சொல்வார். ஒரு வேலை ஆறிக்கொண்டிருக்கும் வேளையே மற்றொரு வேலைக்கு உரிய வேளை என்பதே நாம் கண்ட வழி. அவ்வழி எங்கே உதவும், எங்கே உதவாது என்பவற்றை முறையே ஆராய்வாம்.

1. ஆடி கற்பித்த பாடம்

1990களின் முற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் இருக்கவில்லை. ஜாம்போத்தல் விளக்கின் ஒளியிற் படித்த தலைமுறையைச் சேர்ந்தோர் நாம். அவ்விருள் எமக்குச் செய்த ஒரேயொரு நன்மை, வானத்தைக் காட்டியமையாகும். முற்றத்திற் பாயை விரித்துக் கிடந்தால், வடக்கே அடிவானத்தை ஒட்டித் துருவ விண்மீனும் தெற்கே தென்சிலுவையும் ஓரிரவிலேயே தென்படும். ஏறக்குறைய பத்துப் பாகை வட அகலக்கோட்டில் வாழ்வோர்க்கு வாய்த்த பேறு அது. தொலைகாட்டி ஒன்று வேண்டும் என்ற ஆசை அப்போதே எம் நெஞ்சில் வேரூன்றிற்று. வாங்குதற்குப் பணமில்லாமையால் செய்தற்குக் கற்க நேர்ந்தது.

வில்லையால் ஒளியைக் குவிக்கும் தொலைகாட்டியும் உண்டு. குழிவாடியாற் குவிப்பதும் உண்டு. பின்னதை வீட்டிலேயே அமைக்கலாம். ஆறங்குல விட்டமுள்ள தடித்த கண்ணாடி வட்டங்கள் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, இடையே காபொரண்டம் தூளும் நீரும் இட்டு, மேலுள்ளதை முன்னும் பின்னும் தேய்த்தவாறு தாங்கியைச் சுற்றி நடந்துவர வேண்டும். மேற்கண்ணாடி விளிம்புக்கு வெளியே நீளுந்தோறும் அதன் நடுப்பகுதி கீழ்க்கண்ணாடியின் விளிம்பின்மீது அழுந்தும். ஆதலால் ஒன்றின் நடுவும் மற்றதன் விளிம்பும் மிகுதியாகத் தேய்ந்து, மேலது குழிவாகவும் கீழது குவிவாகவும் மாறும். 48 அங்குலக் குவியத்தூரம் வேண்டுமாயின் நடுவிலே ஏறக்குறைய 1.2 மில்லிமீற்றர் ஆழம் குழிந்தாற் போதும். பின்னர் மென்தூள்களாலும், இறுதியிற் கீல் பூசிய தட்டின்மேல் சீரியம் ஒட்சைட்டாலும் துலக்க, கண்ணாடி பளிங்குபோல் ஆகும்.

இதுவரை உடலுழைப்பு, இனித்தான் கலை. கோளவடிவாயுள்ள குழிவைப் பரவளைவு வடிவாக்க வேண்டும். அவ்விரு வடிவங்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடு, நாம் கூறிய ஆடியில், ஒரு மில்லிமீற்றரின் மூவாயிரத்தில் ஒரு பங்கிலும் சற்றுக் குறைவு. நல்ல ஆடியில் எஞ்சியிருக்கத்தக்க பிழையோ ஒரு மில்லிமீற்றரைப் பதினான்காயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்களவே. இத்துணை நுட்பத்தை வீட்டிலிருந்து எங்ஙனம் அளப்பது? பிரான்சு நாட்டு விஞ்ஞானி லெயோன் பூக்கோ 1858ஆம் ஆண்டில் அதற்கு வழி கண்டார். ஊசித்துளையூடாக வரும் விளக்கொளியை ஆடியின்மீது செலுத்தி, ஆடியிலிருந்து எட்டடித் தூரத்தில் அது மீண்டு குவியும் இடத்திலே சவர அலகொன்றை மெல்ல நுழைத்துப் பார்த்தால், ஆடியின் மேடுபள்ளங்கள் யாவும் நிழலும் ஒளியுமாகப் பெருத்துத் தோன்றும்.

இக்கலை செல்வர்க்கும் கற்றறிந்தோர்க்குமே உரியதென எவரும் எண்ணற்க. அமெரிக்காவில் வெர்மொண்ட் மாநிலத்து ஸ்பிரிங்பீல்ட் என்னும் சிற்றூரில் 1920ஆம் ஆண்டில் ரசல் போட்டர் என்பவர் இதற்கொரு வகுப்பு நடத்தினார். அவரிடம் பயின்றோருட் பெரும்பாலார் அவ்வூர் இயந்திரத் தொழிற்சாலைகளில் வேலைசெய்தோர். பகலெல்லாம் இரும்போடு உழன்றவர்கள் மாலையிற் கண்ணாடியோடு உழன்றனர். 1925ஆம் ஆண்டில் 'சயன்ரிபிக் அமெரிக்கன்' சஞ்சிகை அவர்களைப் பற்றி எழுதியபின் இக்கலை உலகெங்கும் பரவிற்று.

எமது முதலாடி எமக்குக் கற்பித்தது ஒரு கசப்பான பாடம். துலக்கும்போது உராய்வினாலும் கைச்சூட்டினாலும் கண்ணாடியின் மேற்பரப்பு சூடேறி விரிவடையும். சூடு தணியும்வரை அதனைச் சோதித்தல் ஆகாது. நாம் அதை நூலிற் படித்திருந்தும் பொறுக்கவில்லை. துலக்கிய கையோடு அலகை நுழைத்துப் பார்த்தோம். நடுவிலே ஒரு மேடு தோன்றிற்று. உடனே அம்மேட்டைத் தேய்த்தோம், மறுபடியும் பார்த்தோம், இன்னும் சிறிது தேய்த்தோம். நள்ளிரவிலே எல்லாம் செம்மையாயிற்று என்று மகிழ்ந்து உறங்கினோம். விடியற்காலையில், ஆறிய கண்ணாடியைச் சோதித்தபோது, மேடு இருந்ததாக எண்ணிய இடத்திலே ஒரு பள்ளம் இருந்தது. இல்லாத பிழையைத் திருத்தப்போய் உள்ள பிழையொன்றை உண்டாக்கிவிட்டோம். அதனை நீக்க ஆறு கிழமை சென்றது.

2. வலையமைப்பும் அதையே கூறும்

இனி எமது சீவனோபாயத்துக்கு வருவோம். கணினி வலையமைப்பில் ஒரு செய்தி முழுதாகச் செல்வதில்லை. சிறு பொதிகளாகப் பிரிக்கப்பட்டு, றவுட்டர் எனப்படும் வழிப்படுத்திகள் சந்திதோறும் வழிகாட்ட, ஒவ்வொரு பொதியும் தன் வழியே சென்று சேரும். மிகவேகமான இத்துறையிற் பொறுமைக்கு இடமேது என்று மாணவர் வினவலாம். உண்மையில் வலையமைப்பின் உள்ளேயே பொறுமை விதியாக அமைக்கப்பட்டுள்ளது. 1973ஆம் ஆண்டளவில் அமெரிக்காவில் உருவான ஈதர்நெற் என்னும் முறையிற் பல கணினிகள் ஒரே கம்பியிற் பேசின. இரண்டு கணினிகள் ஒருங்கே பேசிச் செய்திகள் மோதினால், இரண்டும் வாய்மூடி, வெவ்வேறான சிறு கால அளவு காத்திருந்து மீண்டும் பேசும். மறுபடியும் மோதினாற் காத்திருத்தலின் எல்லை இருமடங்காகும். இன்று கம்பியில்லா வலையமைப்புகளிலும் இதனையொத்த விதியே நிலவுகிறது. பொறுக்காத கணினிகள் ஒன்றையொன்று தடுத்து, ஈற்றில் எதுவும் பேசமுடியாத நிலையை அடையும்.

கணினிக்கு இவ்விதியைக் கற்பித்த மனிதன் தான் அதனை மறந்துவிடுகிறான். பல்லாண்டுகளுக்கு முன்னர் ஒரு நிறுவனத்தில் நாம் பணிபுரிந்தபோது, பதினான்கு மணி நேர வேலைக்குப் பின், நூறு மைலுக்கு அப்பாலுள்ள வழிப்படுத்தி ஒன்றிற் கொழும்பிலிருந்தே ஒரு தடைக்கட்டளையை இட்டோம். எந்த வழியாக நாம் அதனோடு பேசிக்கொண்டிருந்தோமோ அந்த வழியையே அக்கட்டளை மூடிவிட்டது. மரக்கிளையின் நுனியிலிருந்து அடியை வெட்டியவன் கதையாயிற்று எம் கதை. இரவோடிரவாக வாகனமேறிச் சென்று, விடிந்தபின் கையாலே திருத்தினோம். அந்நிறுவனத்தின் கிளையொன்று அரைநாள் வேலையிழந்தது. அன்று தொட்டு இரு நியமங்களை வகுத்துக்கொண்டோம். எந்த மாற்றத்தையும் எழுதிவைத்து, ஓரிரவு ஆறவிட்டு, மறுநாள் வாசித்த பின்னரே இடுதல் ஒன்று. இடும்போதும், பத்து நிமிடத்துள் நாம் உறுதிசெய்யாவிடின் இயந்திரம் தானாகவே பழைய நிலைக்கு மீளும்படி முன்கட்டளை இட்டுவைத்தல் மற்றொன்று. இவை ஆடியிடம் கற்ற பாடமேயன்றி வேறல்ல.

3. எழுத்தும் அதையே கூறும்

எழுத்தைப் பற்றி எமக்கு நேர்ந்த பிழை இதனினும் பெரிது. எமது அயலிலே ஒரு முதியவர் வாழ்ந்தார். அவருடைய துயரம் ஒன்றைக் கேட்டறிந்த இரவிலேயே அதனைக் கதையாக எழுதி, மறுநாட் காலையிலே ஒரு பத்திரிகைக்கு அனுப்பிவிட்டோம். கதை வெளிவந்தது, பாராட்டும் கிடைத்தது. ஆனால் பெயரை மட்டும் மாற்றியிருந்தோமேயொழிய, அவர் வீட்டுப் படலையும் கிணற்றடி மாதுளையும் அவர் பேசும் பேச்சும் அப்படியே அதில் இருந்தன. முதியவர் அதனை வாசித்தார். எம்மீது கோபிக்கவில்லை, "தம்பி நல்லாத்தான் எழுதியிருக்கிறீர்" என்றார். அதன்பின் அவர் எம்மிடம் எதையும் சொன்னதில்லை.

ஒரு திங்கள் ஆறவிட்டிருந்தால் அக்கதையில் அவருக்கு உரியது எது, எமக்கு உரியது எது என்பது தெளிந்திருக்கும். அவருடைய முற்றத்தை அவரிடமே விட்டு, துயரத்தின் இயல்பை மட்டும் எடுத்திருப்போம், கதையும் சிறந்திருக்கும். எழுதிய சூட்டில் எல்லா வரியும் நன்றாகவே தோன்றும். சூடேறிய கண்ணாடியிலே மேடும் பள்ளமும் பொய்யாய்த் தோன்றுதல் போன்றதே அதுவும். ஆகையால் இப்போது ஒரு கதை எழுதி முடிந்ததும் அதனைப் பெட்டியில் இட்டுப் பூட்டி, ஆடியிடம் செல்கிறோம். ஆடியைத் துலக்கி, அதனை ஆறவைத்துவிட்டுப் பழைய கதையிடம் திரும்புகிறோம். அலுவலகத்தின் படபடப்பு ஆறுதற்கும் இவ்விரண்டும் உதவுகின்றன. மாணவர்க்கு நாம் கூறிய வழி இதுவே.

4. முன்னோர் இருவர்

இவ்வழியில் எமக்கு முன் சென்றோர் பலர். அவர்களுட் தலையாயவர் வில்லியம் ஹேர்ஷல். 1738ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹனோவர் நகரிற் பிறந்து, இங்கிலாந்து சென்று, பாத் நகரில் ஆலய இசைஞராகவும் இசையாசிரியராகவும் வாழ்ந்தவர் அவர். றொபேட் ஸ்மித் என்பவர் இசையொலியைப் பற்றி எழுதிய நூலை வாசித்தவர், அவ்வாசிரியரே ஒளியைப் பற்றி எழுதிய நூலையும் தேடி வாசித்தார். இசை அவரை வானியலுக்கு வழிப்படுத்திற்று. 1773ஆம் ஆண்டளவில் உலோக ஆடிகளைத் தாமே வார்த்துத் துலக்கத் தொடங்கினார். இசை நிகழ்ச்சிக்கு அணிந்த உடையோடே பட்டறைக்கு ஓடுவார் என்றும், அவருடைய சரிகைக் கைவிளிம்புகள் உருகிய கீல் தெறித்துப் பாழாயின என்றும் அவர் தங்கை கரோலைன் எழுதியுள்ளார். 1781ஆம் ஆண்டு மார்ச் 13ஆம் திகதி, தம் வீட்டுத் தோட்டத்திலிருந்து, தாம் செய்த 6.2 அங்குல ஆடியைக் கொண்டு, பண்டைக்காலந்தொட்டு எவரும் கண்டறியாத புதிய கோளொன்றைக் கண்டார். அதுவே இன்று யுறேனஸ் எனப்படுவது. அப்போது அவருக்கு வயது 42. காலம் கடந்ததென ஏங்கும் பழைய மாணவர்கள் இதனை மனங்கொள்வார்களாக.

இனி, நம் நாட்டோடு தொடர்புடைய ஒருவரைக் கூறுவாம். ஆதர் சி. கிளார்க் சிறுவராயிருந்தபோதே சிறு தொலைகாட்டிகள் அமைத்து நிலவைப் படம் வரைந்தவர். 1936ஆம் ஆண்டிலே இலண்டனில் அரசாங்கக் கணக்காய்வு எழுதுவினைஞராகச் சேர்ந்து, பகலிலே ஓய்வூதியக் கணக்குகளைப் பார்த்தார். இரவிலே கதை எழுதினார். யுத்த காலத்தில் விமானப் படையில் ராடார் துறையிற் பணியாற்றினார். பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுழலும் மூன்று செய்மதிகள் உலகெங்கும் செய்தி பரப்பவல்லன என 1945ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் ஒரு வானொலிச் சஞ்சிகையில் எழுதினார். ஏறக்குறைய 36,000 கிலோமீற்றர் உயரத்திலுள்ள அப்பாதையில் முதற் செய்மதி நிலைபெற்றது 1964ஆம் ஆண்டில். அவ்வளவு தூரம் ஏறியிறங்க ஒளிக்கே ஏறக்குறைய கால் விநாடி வேண்டும். கேட்ட கேள்விக்கு விடை வர அரை விநாடி. வலையமைப்புத் தொழில் செய்யும் நாம் செய்மதி இணைப்பு ஒன்றிலே அந்த அரை விநாடி காத்திருக்கும்போதெல்லாம் அவரை நினைப்பதுண்டு. 1956ஆம் ஆண்டில் இலங்கைக்குக் குடிவந்த அவர், 2008ஆம் ஆண்டு மார்ச் 19ஆம் திகதி கொழும்பிலே காலமானார்.

இங்கே மாணவர் கருதவேண்டியது ஒன்றுண்டு. கிளார்க் எழுத்தையே முழுநேரத் தொழிலாகக் கொண்டது 1951ஆம் ஆண்டிலேதான். அதுவரை எழுத்தைச் சோறு போடுமாறு அவர் வருத்தவில்லை. ஹேர்ஷலும் 1782ஆம் ஆண்டில் மன்னர் ஆண்டுக்கு 200 பவுண் கொடுத்த பின்னரே இசைத்தொழிலைக் கைவிட்டார். மூன்று தொழில்களுள் ஒன்று வயிற்றைக் காக்கும்போது மற்றவை தம் பருவத்தில் முதிரும். பிஞ்சிற் பறித்தாற் புளிக்கும்.

5. ஒரே குறிப்பேடு

மூன்று வேலைகளையும் இணைக்கும் கருவி எதுவென வினவுவார்க்கு, ஒரு குறிப்பேடு என்று விடையிறுப்போம். அதன் வலிமையை உணர்த்தியவர் அமெரிக்க வானியலாளர் கிளிபர்ட் ஸ்டோல். தொலைகாட்டி ஆடிகளின் வடிவமைப்பில் ஈடுபட்டிருந்த அவர், அதற்குரிய பணம் முடிந்தமையால், கலிபோர்னியாவின் பேர்க்லி ஆய்வுகூடத்துக் கணினிப் பகுதிக்கு மாற்றப்பட்டார். 1986ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட முதல் வேலை, கணினிக் கணக்கிலே காணப்பட்ட 75 சத வேறுபாட்டுக்குக் காரணம் காண்பது. மற்றவர் கைவிடக்கூடிய அச்சில்லறைப் பிழையை அவர் விடவில்லை. வானியலாளர் இரவிரவாக விண்மீனைக் குறித்துவைப்பதுபோல், நிகழ்ந்தவை அனைத்தையும் நேரத்தோடு குறித்துவைத்தார். மாதக்கணக்கிற் பொறுத்திருந்து, அமெரிக்க இராணுவக் கணினிகளிற் களவாகப் புகுந்த ஒருவனின் தடத்தை ஜேர்மனியின் ஹனோவர் நகர்வரை தொடர்ந்து சென்றார். ஹேர்ஷல் பிறந்த நகரும் அதுவே என்பது ஒரு விந்தை. பின்னர் 1989ஆம் ஆண்டில் அவர் அதனை நூலாக எழுதியபோது, விறுவிறுப்பான கதையாக அது அமைந்தமைக்கு அக்குறிப்பேடே காரணமாயிற்று. தொலைகாட்டியிற் பழகிய கண், வலையமைப்பிற் பிழையைக் கண்டது. கண்டதை எழுத்து உலகுக்கு உரைத்தது.

நாமும் ஒரே குறிப்பேட்டிலே ஆடியின் நிழல்களையும் வலையமைப்பின் பழுதுகளையும் கதைக்குரிய வாக்கியங்களையும் திகதியிட்டு எழுதிவருகிறோம். விட்ட இடத்திலிருந்து தொடங்க அது உதவுகிறது. விட்ட இடத்தைத் தேடுவதிலே வீணாகும் காலமே மூன்று வேலை செய்வோனின் பெரிய நட்டம்.

6. ஆறவிடலாகாதது

இதுவரை பொறுமையின் சிறப்பைக் கூறினோம். இனி, அதன் எல்லையைக் கூறாவிடின் இப்பாடம் பொய்ப் பாடமாகும்.

ஹேர்ஷல் ஆடியொன்றை முடிக்கும் தறுவாயில் பதினாறு மணி நேரம் அதிலிருந்து கையெடுக்கவில்லை. அப்போது உணவைத் துண்டு துண்டாக அவர் வாயில் ஊட்டியவர் கரோலைன். அவர் வேலைசெய்யும்போது நூல்களை வாசித்துக் காட்டியவரும் அவரே. அப்பெண்மணி பாத் நகரிலே பெயர்பெற்று வந்த ஒரு பாடகி. அண்ணன் இசையை விட்டு வானை நாடியபோது அவருடைய பாட்டும் நின்றது. பின்னர் அவர் தாமே எட்டு வால்வெள்ளிகளைக் கண்டு, 1787ஆம் ஆண்டு முதல் அரச ஊதியமும் பெற்று உயர்ந்தார் என்பது உண்மை. ஆயினும், அவர் முதலில் விரும்பியது அதுவோ என்று எவரேனும் அவரைக் கேட்டனரா? மூன்று தொழில் செய்வோன் தனக்கு நேரம் கிடைத்ததென மகிழும்போது, அந்நேரம் யாருடைய நாளிலிருந்து வந்ததென எண்ணிப் பார்த்தல் கடன்.

எமது தந்தையார் இளைப்பாறிய கணித ஆசிரியர். எமது இரண்டாவது ஆடியின் குழிவாழத்தை மடக்கை வாய்பாட்டைக் கொண்டு கணித்துத் தந்தவர் அவரே. 2015ஆம் ஆண்டில் ஒருநாள், "சனியின் வளையத்தை ஒருக்காற் பார்த்துவிட வேண்டும்" என்றார். ஆடி அப்போதே பார்க்கத்தக்க நிலையில் இருந்தது. விளிம்பிலே சிறு தாழ்வு ஒன்று எஞ்சியிருந்தது, அவ்வளவே. "இன்னும் ஒரு திருத்தம், ஐயா" என்றோம். அலுவலகத்திற் பளு கூடியது. ஒரு கதைத்தொகுதி அச்சுக்குப் போயிற்று. ஆடி ஆறிக்கொண்டே இருந்தது. அவர் மறுபடி கேட்கவில்லை; ஆசிரியராயிருந்தவர், வேலை முடியட்டும் என்று இருந்துவிட்டார். 2017ஆம் ஆண்டு மாசி மாதத்திலே சிவபதம் எய்தினார். அவ்வாண்டு யூன் மாதத்திற் சனியின் வளையங்கள் நன்கு விரிந்து நின்றன. எமது தொலைகாட்டியும் முடிந்திருந்தது. விளிம்பிலிருந்த தாழ்வும் நீங்கியிருந்தது. முற்றத்திலே தனியே நின்று பார்த்தோம்.

ஜோன் டொப்சன் என்பவரைப் பற்றி அதற்குப் பின்னரே நாம் ஆழ்ந்து படித்தோம். 1915ஆம் ஆண்டிற் பீக்கிங் நகரிற் பிறந்து, அமெரிக்காவில் இரசாயனம் கற்று, 1944ஆம் ஆண்டிலே சான் பிரான்சிஸ்கோ வேதாந்த சங்கத்தின் மடத்திற் சேர்ந்த துறவி அவர். கையிற் பணமில்லாத அவர் பழைய கப்பல் யன்னற் கண்ணாடிகளைத் தேய்த்து ஆடியாக்கினார். தடித்த கடதாசிக் குழாயும் பலகைத் துண்டுகளும் கொண்டு எவரும் செய்யத்தக்க எளிய தாங்கியை அமைத்தார். அயலாரை அழைத்து நிலவைக் காட்டினார். அவருக்கும் மடத்துக் கடமைக்கும் விருப்பத்துக்கும் இடையே முரண் தோன்றிற்று. 1967ஆம் ஆண்டில் மடத்தை விட்டு நீங்க நேர்ந்தது. அடுத்த ஆண்டிலிருந்து நண்பர் சிலரோடு கூடி வீதியோரத்திலே தொலைகாட்டியை நிறுத்தி, வழிப்போக்கர் யாவரையும் பார்க்கச் செய்தார். 2014ஆம் ஆண்டில் மறையும்வரை அப்பணியை அவர் கைவிடவில்லை. தொலைகாட்டியின் பெருமையை, அதன் ஆடி எவ்வளவு செம்மையானது என்பதைக் கொண்டு அவர் அளக்கவில்லை. அதனூடாக எத்தனை பேர் பார்த்தனர் என்பதைக் கொண்டே அளந்தார். இந்த அளவுகோலை நாம் ஈராண்டுக்கு முன் அறிந்திருந்தால், தந்தையாருக்கு வளையத்தைக் காட்டியிருப்போம்.

ஆகவே பாடத்தின் மறுபாதி இது. கண்ணாடியை ஆறவிடுக, கட்டளையை ஆறவிடுக, கதையை ஆறவிடுக. மனிதர்க்குக் கொடுத்த வாக்கை ஆறவிடற்க. அது சூட்டோடு பரிமாறவேண்டிய சோறு.

7. மாணவர்க்குச் சில நியமங்கள்

பாடத்தைத் தொகுத்துக் கூறுவாம்.

முதலாவது: ஒரே நேரத்தில் இரு வேலைகளைச் சூடேற்றற்க. ஒன்று ஆறத் தொடங்கிய பின்னரே மற்றதை அடுப்பில் ஏற்றுக. பரீட்சை நெருங்கும் மாதங்களில் மற்றவை யாவும் ஆறியே கிடக்கட்டும், அவை கெட்டுப்போகா.

இரண்டாவது: வயிற்றைக் காக்கும் தொழில் ஒன்றை முறையாகக் கற்றுக்கொள்க. அதனை இகழற்க. தேர்ந்த தொழில் தரும் நிம்மதியே மற்ற இரண்டுக்கும் எண்ணெய்.

மூன்றாவது: பருவத்தை அறிந்து நடக்க. நம் வடபுலத்தில் ஐப்பசி முதல் மார்கழி வரை மாரிமுகில் வானை மூடும். அது எழுத்துக்குரிய காலம். மாசியும் பங்குனியும் தெளிந்த வானைத் தரும். அது தொலைகாட்டிக்குரிய காலம். இயற்கையே கால அட்டவணை வகுத்துத் தந்திருக்க, நாம் சுவரில் ஒன்றை எழுதி ஒட்டவேண்டியதில்லை.

நான்காவது: குறிப்பேட்டிற் பிழைகளையும் எழுதுக, வெற்றிகளை மட்டும் எழுதும் ஏடு எவர்க்கும் எதையும் கற்பியாது.

ஐந்தாவது: போதும் என்னும் எல்லையை முன்னரே வகுத்துக்கொள்க. ஓரளவுக்கு மேல் ஆடியைத் திருத்தினாலும் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. அந்த எல்லைக்கு அப்பாலும் தேய்ப்போன் கண்ணாடியை விட்டுத் தன் செருக்கையே துலக்குகிறான்.

ஆறாவது: செய்ததை மற்றவர்க்குக் காட்டுக, காட்டுதற்கு முழுநிறைவை எதிர்பார்த்திரற்க.

எமது தந்தையார் கணித்த அவ்வாடி இன்றும் துலங்குகிறது. கடற்காற்றின் உப்பு அதன் அலுமினியப் பூச்சை அரிப்பதால் ஒருமுறை மீண்டும் பூச வேண்டியதாயிற்று. 2025ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் சனியின் வளையங்கள் விளிம்பாய் நின்று கண்ணுக்கு மறைந்தன. இனி ஆண்டுக்காண்டு விரிந்து, 2032ஆம் ஆண்டளவில் மீண்டும் நன்கு விரிந்து தோன்றும். கல்லூரி அதிபர் இசைந்தால், ஆண்டுதோறும் விடுமுறையில் ஊருக்கு வரும்போது அத்தொலைகாட்டியை விளையாட்டு மைதானத்துக்குக் கொண்டுவருவோம். மாணவர் வருக, பெற்றோரையும் பாட்டன் பாட்டியரையும் கைபிடித்து அழைத்து வருக. முதியோரே முதலிற் பார்ப்பர் என்பது அங்கே நாம் விதிக்கும் ஒரேயொரு விதி.

மூன்று மரங்களை வெட்டும் தச்சரை உருவாக்கியும், அவர்களைக் கடிந்தும், அன்போடு பொறுத்தும் வந்த எமது கல்லூரி அன்னைக்கு இவ்விழாக் காலத்தில் எமது வணக்கம் உரியதாகுக. அன்று எமது கொப்பியைப் பறித்த ஆசிரியர், ஆண்டிறுதியில் அதனைத் திருப்பித் தந்தபோது, கதையின் எழுத்துப் பிழைகள் யாவும் சிவப்பு மையினால் திருத்தப்பட்டிருந்தன. ஆறப் பொறுத்தலை எமக்கு முதலிற் கற்பித்தவர் அவரே என்பதை இப்போது உணர்கிறோம்.